ஒரு மேசையிலை இரண்டு திபெத்து

நூலகத்திலை வேலை எண்டவுடனை சனம் நினைக்கிறது, சூடான அறைக்குள்ளை இருந்து நாள் முழுக்கப் புத்தகம் வாசிச்சுக் கொட்டாவி விடுற வேலை எண்டு. செய்து பாத்தால்தான் தெரியும், அது கொதியோடை வாற ஆக்களைச் சிரிச்ச முகத்தோடை கோப்பி மெசினடிக்குக் கூட்டிக்கொண்டு போற வேலை எண்டு.

கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு, மனசுக்குள்ளை ஒண்டும் வாயாலை இன்னொண்டும் சொல்லிப் பழகின எல்லாரும் என்ரை சொந்தக்காரர்தான். வங்கியிலை நிக்கிறவை, ஆசுப்பத்திரி வாசலிலை பேர் பதியிறவை, தமிழ்க் கடையிலை மரக்கறி நிறுக்கிறவை, உங்கள் ஒருத்தருக்கும் நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

என்ரை பேர் ஜெசிந்தா. டேனிஷ்காரரின்ரை நாட்டிலை, விபோர்க் எண்ட நகரத்திலை இருந்து அரை மணித்தியாலம் கார் ஓடினால் வாற ஒரு சின்னப் பட்டணத்து நூலகத்திலை நிக்கிறன். முந்தி ஒரு கோழித் தொழிற்சாலையிலை நிண்டனான். பிறகு ஓகூஸ் நகரத்துக்கு ஓடி ஓடிப் படிச்சுத்தான் இந்த வேலைக்கு வந்தது. கோழி எதிர்த்துக் கதைக்காது, வாசகர் அப்பிடியில்லை. இன்னொண்டும் சொல்லிப்போடுறன். டேனிஷ் பாசையிலை சின்னாள் பெரியாள் இல்லை, எல்லாரும் எல்லாருக்கும் 'நீ' தான். ஆனால் பென்சன் எடுத்த மனுசனைத் தமிழிலை 'நீ' எண்டு எழுத எனக்குக் கை வராது. அதாலை நான் ஆளைப் பாத்து மரியாதை போட்டிருக்கிறன், குறை நினைக்காதேங்கோ.

மேசை வந்த விதம்

எங்கடை நூலகத்து வாசலைத் தாண்டினவுடனை ஒரு வட்ட மேசை கிடக்கு. மாசத்துக்கு ஒரு விசயத்தை எடுத்து, அதைப் பற்றின புத்தகங்களை அதிலை பரப்பி வைப்பம். கம்பளி பின்னுறது, அப்பிள் மரம் கத்தரிக்கிறது, நத்தார் பலகாரம் எண்டு ஒருத்தருக்கும் நோகாமல் போய்க்கொண்டிருந்த மேசை அது. எங்கடை தலைவி கிர்ஸ்டன் ஒரு நாள் அந்த மேசையை என்ரை பொறுப்பிலை விட்டா. வீட்டை வந்து பெருமையாச் சொன்னன். எங்கடை மனுசன், "மேசைக்குமோ ஒரு பொறுப்பாளர்?" எண்டு கேட்டுப்போட்டு ரீவியைப் பாக்கத் தொடங்கிட்டார்.

அந்த நேரம்தான் பொவுல் எண்ட ஒரு பென்சன் எடுத்த வாத்தியார், தான் திபெத்துக்குப் போய் எடுத்த படங்களை ஒரு சனிக்கிழமை காலமை நூலகத்திலை போட்டுக் காட்டிப் பேசப்போறன் எண்டு கேட்டார். கிர்ஸ்டன் ஓம் எண்டிட்டா. அப்ப மேசையிலையும் திபெத்து எண்டு முடிவாச்சு. தனக்குப் பிடிச்ச புத்தகங்களின்ரை பேரைப் பொவுலே சொல்லிவிட்டார். எல்லாம் நல்ல புத்தகங்கள். திபெத்தை விட்டு ஓடி வந்த ஆக்கள் எழுதினது, அவைக்காகக் குரல் குடுக்கிற ஐரோப்பியர் எழுதினது.

நான் அதோடை விட்டிருக்கலாம். விடேலாமல் போச்சு. நான் இஞ்சை வந்த புதிசிலை எங்கடை நாட்டைப் பற்றி நூலகத்திலை எடுத்த முதல் புத்தகத்திலை யானை, தேயிலை, கடற்கரை எல்லாம் வடிவா இருந்தது. எங்கடை சனத்துக்கு ஒரேயொரு பந்தி. அதுவும் கரைச்சல் குடுக்கிற ஆக்கள் எண்டு. அண்டைக்கு வந்த கொதி இண்டைக்கும் எனக்கு ஆறேல்லை. அதாலை நாட்டிலை இருக்கிற மற்ற நூலகங்களையெல்லாம் தேடி, சீனாவிலை அச்சடிச்ச புத்தகங்களையும் எடுப்பிச்சன். ரெண்டு பக்கத்துக் கடதாசிகளையும் தோண்டிப் பாத்து எழுதின பல்கலைக்கழக ஆக்களின்ரை புத்தகங்களையும் நடுவிலை வைச்சன். சீனப் படை திபெத்துக்குள்ளை வந்த வருசத்தை ஒரு புத்தகம் 'விடுதலை' எண்டுது, அதே வருசத்தைப் பக்கத்துப் புத்தகம் 'ஆக்கிரமிப்பு' எண்டு சொல்லுது. திபெத்து ஆக்கள் சீனாவோடை வைச்ச பதினேழு அம்ச ஒப்பந்தம் எண்டு ஒண்டு இருக்கு. ஒரு பக்கம் விரும்பி வைச்ச கையெழுத்து எண்டுது, மற்றப் பக்கம் வெருட்டி வாங்கின கையெழுத்து எண்டுது. ஆரையும் நம்பச் சொல்லி நான் ஒரு வரியும் எழுதி வைக்கேல்லை. பக்கத்திலை பக்கத்திலை வைச்சன், அவ்வளவுதான்.

கிர்ஸ்டன் மேசையைச் சுத்தி ஒருக்கா நடந்து பாத்தா. தங்கமான மனுசி. ஆனால் முறைப்பாடு எண்ட சொல்லைக் கேட்டாலே கழுத்து சிவந்து போம். இஞ்சத்தை ஆக்களுக்கு ஜெசிந்தா எண்டு வாயிலை வராது, அவவும் இப்பிடித்தான் சொன்னா. "யெசிந்தா, வடிவாத்தான் இருக்கு. முறைப்பாடு ஒண்டு வந்தால் கதைப்பம், ரெண்டு வந்தால் பின்னல் புத்தகத்தைத் திருப்பி வைப்பம்."

கால் கொப்பளிச்ச மனுசன்

மேசை போட்டு ரெண்டாம் நாளே பொவுல் வந்திட்டார். நெடுத்த மனுசன். பாண் வேண்டப் போறதெண்டாலும் மலையேறுற சப்பாத்துத்தான். வீட்டு யன்னலிலை திபெத்துக் கொடி ஒட்டியிருக்கிறார் எண்டு ஊர் முழுக்கத் தெரியும். தன்ரை புத்தகங்களைக் கண்டு முகம் மலர்ந்தது. அடுத்த கணம் பக்கத்திலை கிடந்ததுகளைக் கண்டார். ஒரு கதையும் இல்லாமல் அதுகளை ஒவ்வொண்டாக் குப்புறக் கவிட்டார். நான் போய் நிமித்தினன். அவர் கவிட்டார். நான் நிமித்தினன். தோசைக்கல்லடியிலை நிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பிரட்டிக்கொண்டு நிண்டம்.

"இது பிரச்சாரம்" எண்டார். "இருக்கலாம், வாசிச்சுப்போட்டு எந்த இடத்திலை பொய் எண்டு சொல்லுங்கோ" எண்டன். "வாசிக்கிறதோ? இதையோ?" எண்டு என்னை ஒரு பார்வை பாத்தார். பிறகு மனுசனுக்கு ஒரு யோசினை வந்திட்டுது. சீனாவிலை அச்சடிச்ச அவ்வளவு புத்தகத்தையும், பல்கலைக்கழகப் புத்தகங்களிலை பாதியையும் மார்போடை அணைச்சுக்கொண்டு போய், இரவல் மெசினிலை ஒவ்வொண்டா வைச்சுக் கீச்சுக் கீச்செண்டு பதிஞ்சார். வேறை ஆரும் வாசிக்கக் கூடாதாம், தன்ரை வீட்டிலை கிடக்கட்டுமாம். எனக்கு உள்ளுக்குள்ளை சிரிப்பு. நூலகத்திலை இருந்து புத்தகத்தை மறைக்க நூலக அட்டையையே பாவிக்கிற மனுசனை நான் அண்டைக்குத்தான் கண்டன். வாசலடியிலை நிண்டு திரும்பிச் சொன்னார். "நான் திபெத்திலை கால் கொப்பளிக்க நடந்தவன், இதை எழுதினவன் கதிரையை விட்டு எழும்பியிருக்கமாட்டான்!"

பத்திரமான இடம்

அந்தக் கிழமைக் கடைசியிலை லின் வந்தா. காத்திலை கறண்ட் எடுக்கிற காத்தாடியள் செய்யிற தொழிற்சாலையிலை எஞ்சினியர். சீனாவிலை பிறந்து வளந்து, வேலைக்கு இஞ்சை வந்து, டேனிஷ் படிக்கிற புத்தகம் எடுக்க எங்களிட்டை அடிக்கடி வாறவ. எப்பவும் மெல்லமாத்தான் கதைப்பா. அண்டைக்கு மேசைக்கு முன்னாலை கட்டை மாதிரி நிண்டா. ஏன் எண்டால், பொவுல் ஒரு பக்கத்தை வழிச்சுத் துடைச்சுக் கொண்டு போனதாலை மேசையிலை மிச்சம் கிடந்தது மற்றப் பக்கம் மட்டும்தான். மாதாவே, நான் ரெண்டு பக்கமும் வைச்ச மேசை எண்டு அவவுக்கு எப்பிடி விளங்கும்?

"எல்லாப் புத்தகமும் என்ரை நாட்டைத் திட்டுது. மறுமொழி எங்கை?" எண்டா. "இருந்தது, இரவலிலை போட்டுது" எண்டன். "எல்லாமோ? ஒரே நேரத்திலையோ?" எண்டா. "ஓம்." "ஆர் எடுத்தது?" "அது சொல்லேலாது லின். நீங்கள் என்ன எடுக்கிறனீங்கள் எண்டும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" எண்டன். அந்தக் கடைசிச் சொல்லுக்கு அவ ஒருக்கா என்னை நிமிந்து பாத்தா. "ஒருத்தருக்குமோ?" எண்டு திருப்பிக் கேட்டா. "எங்கடை மனுசனுக்குக் கூடச் சொல்லமாட்டன்" எண்டன். பிறகு மேசையிலை கிடந்த மிச்சம் எல்லாத்தையும் பையுக்குள்ளை அடுக்கினா. நடுவிலை நிண்டு எழுதின பல்கலைக்கழகப் புத்தகங்களிலை பாதியைப் பொவுல் ஏற்கெனவே கொண்டு போட்டார், மற்றப் பாதியை இவ கொண்டு போறா. நடுவிலை நிக்கிறவனை ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம் எண்டுதான் நினைக்கினம், பாவம். போகேக்கை வெகு பணிவாச் சொன்னா. "இது என்ரை வீட்டிலை பத்திரமா இருக்கும், அப்ப ஒருத்தரும் எங்களைப் பிழையா விளங்கமாட்டினம்."

வெறும் மேசையும் சூசை அண்ணையும்

திங்கக்கிழமை கிர்ஸ்டன் என்னை உள்ளை கூப்பிட்டா. ரெண்டு மின்னஞ்சல். ஒண்டு பொவுல், மற்றது லின். ரெண்டு பேரும், சொல்லி வைச்ச மாதிரி, 'ஒருபக்கப் பிரச்சாரம்' எண்டு எழுதியிருந்தினம். பொவுலின்ரை கூட்டம் மட்டும் நடக்கட்டும், அது முடிஞ்ச திங்களோடை மேசையை மாத்துவம் எண்டு கிர்ஸ்டன் சொன்னா. ஒரு மேசைக்கு ஏன் இந்தப் பாடு எண்டு நீங்கள் கேப்பியள். எழுதினதுக்காக ஆரையும் பிடிச்சு அடைக்காத ஒரு நாட்டிலை, வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிற ஒரு கட்டடத்திலை, ரெண்டு பக்கமும் ஒரு மேசையிலை நிக்கேலாட்டி வேறை எங்கை நிக்கப்போகுது? பின்னல் புத்தகத்தை வைக்கிறதெண்டால், நான் தோத்தது திபெத்திலை இல்லை, என்ரை வேலையிலை.

வெறும் மேசையைப் பாத்துப் பாத்து அந்தோனியாருக்கு நேத்தி வைச்சன். காணாமல் போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அவர்தானே. அந்தோனியார் அனுப்பினது சூசை அண்ணையை. எங்கடை தமிழ்ச் சங்கத்திலை கனகாலம் தலைவரா இருந்தவர், எங்கையாவது ஒரு வெறும் மேசையைக் கண்டால் உடனை ஒரு கண்காட்சி வைக்கோணும் அவருக்கு.

"உனக்கேன் பிள்ளை திபெத்து? மேசை சும்மாதானே கிடக்கு, எங்கடை வரலாறை வையன்" எண்டார். எனக்கு ஆசை இல்லாமலில்லை. "வைப்பம் அண்ணை. ஆனால் கொழும்பிலை அச்சடிச்சதையும் பக்கத்திலை வைக்கோணும். எங்கடை ஆக்கள் எங்கடை ஆக்களையே பிழை சொல்லி எழுதினதையும் வைக்கோணும்" எண்டன். சூசை அண்ணை தொப்பியைக் கழட்டினார், திருப்பிப் போட்டார். வாசிச்சுக்கொண்டிருந்த டேனிஷ்காரர் எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. "என்ன ரெண்டு பக்கம்? எங்கடை கதைக்கு எங்கடை பக்கம் மட்டும்தான் இருக்கு!"

கணினிக்குக் கட்சி இல்லை

நான் சும்மா இருக்கிற சாதியில்லை. வெறும் மேசையிலை ஒரு மட்டையை நிமித்தி வைச்சன்: 'இதிலை இருந்த திபெத்துப் புத்தகங்கள் எல்லாம் இரவலிலை போட்டுது. வாசிக்க விருப்பமெண்டால் பேரைப் பதியுங்கோ.' அவ்வளவுதான். புத்தகம் நிறைஞ்ச மேசையைத் திரும்பியும் பாக்காத சனம், வெறும் மேசையைச் சுத்தி நிண்டு பாக்குது! அப்பிடி என்னத்தை அள்ளிக்கொண்டு போட்டினம் எண்டு எல்லாருக்கும் அந்தரம். மீன்பிடிப் புத்தகம் தவிர வேறை ஒண்டும் தொடாத மனுசரெல்லாம் பேர் பதிஞ்சினம்.

இஞ்சை எங்கடை முறை ஒண்டு இருக்கு. வேறை ஆரும் கேட்டுப் பதியாட்டித்தான் ஒரு புத்தகத்தை நீட்டி நீட்டி வைச்சிருக்கலாம். பின்னாலை வரிசை நிண்டால் கொண்டு வந்து குடுக்கத்தான் வேணும். பொவுல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொண்டுவந்து குடுத்தார். குடுத்த கையோடை அதே புத்தகங்களுக்குத் தன்ரை பேரைத் திருப்பி வரிசையிலை போட்டார். லின்னும் அச்சொட்டா அதையே செய்தா. ரெண்டு பேரும் மறைக்கிறதுக்கு வரிசையிலை நிக்கினம், கணினிக்கு அது தெரியுமோ? அதுக்கு எல்லாரும் வாசகர்தான். வரிசை நீண்டவுடனை 'இன்னும் பிரதி எடுப்பியுங்கோ' எண்டு சிவப்பிலை காட்டத் தொடங்கிட்டுது. நான் ஆரவாரமில்லாமல் எடுப்பிச்சன், ரெண்டு பக்கத்துக்கும் சேத்து. பொவுல் ஒளிக்கப் பாத்த புத்தகம் இப்ப எங்களிட்டை சோடியா நிக்குது, லின் ஒளிக்கப் பாத்ததும் சோடியா நிக்குது. எனக்கு எழும்பி ஆடோணும் போலை இருந்தது.

அந்த மாசத்து இரவல் கணக்கைத் திரையிலை பாத்துக்கொண்டிருந்த கிர்ஸ்டன் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுத் திருப்பிப் பாத்தா. முறைப்பாடு முறைப்பாடுதான், திங்கள் திங்கள்தான் எண்டு முதலே சொல்லிப்போட்டா. எண்டாலும் கேக்காமல் இருக்கேலாமல் போச்சு அவவுக்கு. "யெசிந்தா, எங்கடை பட்டணத்திலை இவ்வளவு திபெத்துக்காரர் எப்ப வந்தவை?"

மஞ்சள் துண்டுகள்

வந்த புத்தகங்களைத் திறந்து பாத்தால், கடவுளே, உள்ளை முழுக்க ஒட்டுற மஞ்சள் கடதாசித் துண்டுகள். இரவல் முடிஞ்சு வாற புத்தகத்திலை இருக்கிற துண்டு துணுக்கெல்லாத்தையும் எடுத்துத் துப்பரவாக்கித்தான் அடுக்கிறது எங்கடை வழக்கம். ஒரு புத்தகத்துக்குள்ளை ஒரு துண்டு வாழைப்பழத் தோலே வந்திருக்கு. ஆனால் இதுகளைக் கழட்ட முதல் வாசிச்சுப் பாத்தன். பொவுலின்ரை துண்டுகள் முதல் பக்கங்களிலை 'பொய்!' 'முழுப் பொய்!' எண்டு நிண்டுது. நடுவிலை 'இதுக்கு ஆதாரம் எங்கை?' எண்டு வந்தது. கடைசிப் பக்கங்களிலை, றோட்டு வெட்டின தொழிலாளரைப் பற்றின இடத்திலை, 'இது எனக்குத் தெரியாது' எண்டு. லின்னின்ரை துண்டுகள் சின்ன எழுத்து. 'மிகைப்படுத்தல்' எண்டு தொடங்கி, 'எங்களுக்கு இது படிப்பிக்கேல்லை' எண்டு போய், ஒரு இடிச்ச மடத்தின்ரை படத்துக்குப் பக்கத்திலை 'அப்பாட்டைக் கேக்கோணும்' எண்டு முடிஞ்சுது. ஒளிக்கக் கொண்டு போனவை ரெண்டு பேரும் இருந்து வாசிச்சிருக்கினம்!

நான் கழட்டுறதோ விடுறதோ எண்டு நிக்கேக்கைதான் பேமா வந்தா. முதியோர் இல்லத்திலை பராமரிப்பு வேலை. அங்கத்தை ஆக்களுக்கு ஒலிப்புத்தகம் எடுக்கக் கிழமைக்கு ஒருக்கா வாறவ. நேபாளப் பிள்ளை எண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைச்சிருந்தம். என்ரை கையிலை கிடந்ததை எட்டிப் பாத்து, ஒவ்வொரு துண்டா வாசிச்சா. முதல் சிரிச்சா. பிறகு பாத்தால் கண் கலங்கியிருக்கு. "அக்கா, நான் திபெத்து" எண்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. இத்தினை காலம் வந்து போற பிள்ளையிட்டை எந்த இடம் எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை.

கதிரையை இழுத்துப் போட்டு இருத்தி, கோப்பி குடுத்தன். அவ ரெண்டு பக்கத்துப் புத்தகத்தையும் மடியிலை வைச்சுக்கொண்டு சொன்னா. அவவின்ரை அம்மாவின்ரை ஆக்கள் ஒரு பிரபுவின்ரை நிலத்திலை, விட்டுப்போக உரிமையில்லாமல் வேலை செய்த சனமாம். ஓடி வந்தவை எழுதின புத்தகங்களிலை அது அரை வரியோடை போகுதாம். பிறகு மடத்திலை துறவியா இருந்த அவவின்ரை மாமாவைச் சீனப் படை பிடிச்சுக்கொண்டு போனதாம், மனுசன் திரும்பி வரேல்லை. சீனாவிலை அச்சடிச்சதிலை அது அறவே இல்லையாம். "எந்தப் பக்கம் நிண்டாலும் எங்கடை வீட்டிலை பாதிப் பேரை வெளியிலை விடோணும்" எண்டா. நான் அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். போகேக்கை புத்தகத்தை என்ரை கையிலை தந்திட்டுச் சொன்னா. "துண்டுகளைக் கழட்டிப்போடாதேங்கோ அக்கா, புத்தகத்தை விட அதுதான் நல்லா இருக்கு."

சனிக்கிழமைக் கோப்பி

கூட்டத்தண்டு காலமை வெள்ளன வந்து, எல்லாப் புத்தகத்தையும் மேசையிலை பரப்பினன். வரிசையிலை நிண்ட ஆக்களிட்டைக் கூட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும் எண்டு கேட்டு வைச்சிருந்தன். மஞ்சள் துண்டுகள் எல்லாம் வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டுது. ஆர் எழுதினது எண்டு ஒண்டிலையும் பேர் இல்லை, நானும் சொல்லேல்லை. கிர்ஸ்டன் வந்து கண்டவுடனை கழுத்து சிவந்திட்டுது. "நூலகப் புத்தகத்திலை என்ன குப்பை இது?" எண்டா. "திங்கட்கிழமை வரும் மட்டும் என்ரை மேசைதானே" எண்டு சொல்லிப்போட்டுப் பாண் வெட்டப் போட்டன்.

சனம் எண்டால் சனம், கதிரை போதாமல் யன்னல் கட்டிலையும் இருந்தவை. பேமா பின்னுக்கு நிண்டா. லின் கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையிலை இருந்தா. பொவுல் பனிமலை, கொடி, சிரிக்கிற பிள்ளையள் எண்டு படமா ஓட விட்டார். பிறகு ஒரு மலைப்பாதையிலை லொறியள் போற படம் வந்தது. "ஆக்கிரமிச்சவை போட்ட றோட்டு" எண்டார். லின் எழும்பினா. "அந்த றோட்டிலை என்ரை அப்பா லொறி ஓடினவர். ஆரையும் ஆக்கிரமிக்கப் போறன் எண்டு போகேல்லை, வேலைக்குப் போனவர்" எண்டா. பொவுல் என்னவோ சொல்ல வாய் திறந்தார். அவ விடேல்லை. "போன கிழமை ரெலிபோனிலை அவரைக் கேட்டன், அங்கை என்ன கண்டனீங்கள் எண்டு. இடிஞ்ச மடங்களைத் தாண்டித்தான் சாமான் கொண்டு போனனான், ஏன் இடிஞ்சது எண்டு நான் கேக்கேல்லை எண்டார். என்ரை வாழ்க்கையிலை முதல் தரம் அப்பா எனக்கு அதைச் சொன்னவர்." சொல்லிப்போட்டு இருந்திட்டா.

பொவுல் படத்தை நிப்பாட்டினார். "அப்ப நானும் விட்டதைச் சொல்லோணும். பிரபுக்களின்ரை நிலத்திலை விட்டுப்போக உரிமையில்லாமல் வேலை செய்த சனத்தைப் பற்றி இண்டைக்கு என்னட்டை ஒரு படமும் இல்லை. எனக்குத் தெரியாமலில்லை. படத்தின்ரை வடிவைக் கெடுக்கும் எண்டு விட்டனான்" எண்டார். உடனை ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதவை எண்டு நினைக்காதேங்கோ. ஒப்பந்தம் விரும்பி வைச்ச கையெழுத்தோ வெருட்டி வாங்கினதோ எண்டு அந்த நிமிசமே பிடுங்குப்படத் தொடங்கிட்டினம். கோப்பி ஆறுது எண்டு நான் கத்தித்தான் சனத்தை மேசையடிக்குக் கொண்டு வந்தது.

மேசையடியிலை என்ன திருவிழா! எல்லாரும் துண்டு வாசிக்கினம். இது ஆர் எழுதினது, இதுக்கு மறுமொழி எங்கை எண்டு மற்றப் பக்கத்துப் புத்தகத்தைப் பிரட்டித் தேடுகினம். அப்ப ஒரு மனுசி, 'உண்மையா அங்கை இருந்த ஆர் இஞ்சை இருக்கினம்?' எண்டு பொதுவாக் கேட்டா. பின்னாலை இருந்து பேமா, "எங்கடை வீட்டாக்கள்" எண்டா. எத்தினையோ வருசம் இந்தப் பட்டணத்து ஆக்களின்ரை தாய் தேப்பனைக் குளிக்கவாத்துச் சோறூட்டின பிள்ளை. அண்டைக்குத்தான் சனம் அவவுக்கு வழி விட்டு நடுவிலை நிக்கவிட்டுது. பிரபுவின்ரை நிலத்தையும் சொன்னா, மாமாவையும் சொன்னா. பொவுலும் லின்னும் பக்கத்திலை பக்கத்திலை நிண்டு கேட்டவை. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு, கண்ணாலை கண்ணீர் ஓடிச்சு.

கிர்ஸ்டன் கரண்டியாலை கோப்பையிலை தட்டினா. திங்களோடை மேசை மாறுது எண்டு சொல்லத்தான். "முறைப்பாடு வந்த படியாலை…" எண்டு தொடங்க முதலே பொவுல் பாய்ஞ்சார். "மேசையை எடுக்கேலாது. இவ இன்னும் ஒப்பந்தத்துக்கு மறுமொழி சொல்லேல்லை." லின், "நான் சொல்லிப்போட்டன், இவர்தான் புத்தகத்திலை அந்த அதிகாரத்தை ஒழுங்கா வாசிக்கேல்லை. வாசிக்கும் மட்டும் மேசை நிக்கோணும்" எண்டா. பேமாவும், "என்ரை துண்டுகளை நான் இன்னும் எழுதேல்லை" எண்டா. அப்ப முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறியளோ எண்டு கிர்ஸ்டன் கேட்டா. ரெண்டு பேரும் ஒரே குரலிலை, மாட்டம் எண்டிச்சினம். முறைப்பாடும் நிக்கோணுமாம், மேசையும் நிக்கோணுமாம்! சனம் கைதட்டத் தொடங்கிட்டுது. நான் பாண் கத்தியோடையே துள்ளினன், மாதா மேலை சத்தியம். கிர்ஸ்டன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. கழுத்துச் சிவப்பு மெல்ல இறங்கினது. பிறகு என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா. "முறைப்பாடு குடுத்தவையே விடமாட்டம் எண்டு நிண்டால் நான் என்ன செய்யிறது யெசிந்தா, உள்ளை கிடக்கிற பெரிய மேசையை உருட்டிக்கொண்டு வா!"

இந்த வேலையிலை நான் கண்ட மிச்சம் இவ்வளவுதான்: ஒரு புத்தகத்தை ஊர் முழுக்க வாசிக்க வைக்கோணும் எண்டால், அதை ஒருத்தரும் வாசிக்கக் கூடாது எண்டு நிக்கிற ஆளிட்டை அதை முதல் இரவல் குடுத்துப்போடோணும்.